வயலினுக்குப் போங்க

சரோஜாவுக்குப் பாட்டு தெரியாது. அடி அண்ணாமலை கிராமத்தில் நெல்லும் மணிலா என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். பத்தாவது முடித்து, டைப்ரைட்டிங் கற்று, 1989இல் மூர்த்தியைக் கட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்தாள். மூர்த்தி, காசி என்பவரின் வீடியோ ஸ்டூடியோவில் கேமராமேன். மூன்று வருஷம் கழித்து, கல்யாணக் கேசட்டுகளில் மாப்பிள்ளை பெண் பெயரை அடிக்க ஆள் வேண்டும் என்று காசி அவளையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

பெயர் அடிக்கப் போனவள் சீக்கிரமே படம் மாற்றுகிற மிக்சர் மெஷினில் உட்கார்ந்தாள். இரண்டு கேமராக்களின் படமும் அவள் முன்னால் இரண்டு சின்ன டிவிகளில் ஓடும். எந்தப் படம் கேசட்டில் பதியவேண்டும் என்று அவள் பட்டனை அழுத்தவேண்டும். கேமராக்காரர்களோடு ஹெட்போனில் பேசலாம். வீட்டில் புருஷனை அவள் ‘ஏங்க’ என்றுதான் கூப்பிடுவாள். மண்டபத்தில் ‘ஏங்க’ என்றதும் இரண்டு கேமராக்காரர்களும் கேமராவைத் திருப்பினார்கள். “எனக்கு ஒரு நம்பர் குடுத்துடு” என்று மூர்த்தியே சொன்னான். அதிலிருந்து வேலை நேரத்தில் அவன் ‘ரெண்டு’.

1996 தை மாதம், ஊர் சபாக்காரர்கள் கல்யாண மண்டபத்தில் ஐந்து நாள் இசை விழா நடத்தினார்கள். கச்சேரியை லோக்கல் கேபிளில் நேரடியாகக் காட்ட காசி ஒப்புக்கொண்டார். அது வரைக்கும் அந்த ஸ்டூடியோ ஒரு கச்சேரியைக்கூடப் படம் பிடித்ததில்லை. முதல் நாள் பாடகரிலிருந்து மிருதங்கத்துக்குப் போகும்போது சரோஜா கல்யாண வீடியோ பழக்கத்தில் திரையில் ஒரு ஹார்ட்டின் படத்தை விரித்துவிட்டாள். ஹார்ட்டுக்குள்ளிருந்து மிருதங்கக்காரர் வந்தார். மறுநாள் சபா செயலாளர் வந்து அதை ஒரு சிரிப்போடு விட்டுவிட்டார். அடுத்ததாகச் சொன்னதுதான் அவளைச் சுட்டது.

“தப்பா எடுத்துக்காதம்மா. வயலின் வாசிக்கும்போது பாடறவர் மூஞ்சியக் காட்டறீங்க. வயலினுக்குப் போறதுக்குள்ள அவர் பாட ஆரம்பிச்சுடறாரு. படம் பூரா யாராவது ஒருத்தர் சும்மா உக்காந்துக்கினு இருக்காங்க.”

உண்மைதான். விழா முடிந்ததும் ஐந்து கேசட்டுகளையும் வீட்டுக்கு எடுத்துப்போனாள். மத்தியானம் மூர்த்தி சாப்பிட்டுப் படுத்த பிறகு சத்தத்தைக் குறைத்துவிட்டு வெறும் படத்தைப் பார்த்தாள். ராகம், தாளம் எதற்கும் அவளுக்குப் பெயர் தெரியவில்லை. ஆனால் வேறு சிலது பிடிபட்டது. வயலினுக்கு இடம் விடுவதற்கு முன்னால் பாடுகிறவர் லேசாக அந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறார். வயலின்காரரின் வில் மடியிலிருந்து எழும்புகிறது. மிருதங்கம் மட்டும் வாசிக்கிற ‘தனி’ வரப்போகிறது என்றால் பாடகரின் கை தண்ணீர்ச் செம்புக்குப் போகிறது. தொடையில் தாளம் போடுகிற கை மட்டும் எதற்காகவும் நிற்பதில்லை. இருமினாலும், தண்ணீர் குடித்தாலும், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்தாலும் அது போய்க்கொண்டே இருக்கிறது.

அடுத்த வருஷம் விழாவில் அவள் ஒருவர் வாயையும் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். “ரெண்டு, வயலினுக்குப் போங்க” என்று அவள் சொல்லி முடிக்கவும் வில் தந்தியில் படவும் சரியாக இருந்தது. செயலாளர் இந்தமுறை ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாய் திறக்காததே பாராட்டு என்று காசி விளக்கினார்.

1999 விழாவின் மூன்றாம் நாள் சென்னையிலிருந்து பத்மாசனி அம்மாள் பாட வந்தார். வயது அறுபத்தைந்துக்கு மேல். கூட்டம் ஜாஸ்தி. வயலின் திருமலை. உள்ளூர்ப் பாட்டு வாத்தியார். வெளியூர் வித்வான்கள் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார். இருபது வருஷமாக அப்படித்தான்.

கச்சேரி பாதியைத் தாண்டியிருந்தது. பெரிய பாட்டு ஒன்றின் சரணத்தில் பத்மாசனி அம்மாள் ஒரு வரியைத் தொடங்கினார். கண்ணை மூடினார். திறந்தார். அடுத்த சொல் வரவில்லை. ஒன்றாம் நம்பர் கேமரா அவர் முகத்தில் இருந்தது. ஊரில் டிவி வைத்திருந்த வீடுகளில் எல்லாம் அந்த முகம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சரோஜாவின் பின்னால் நின்ற காசி குனிந்தார். “உருகிட்டாங்க பாரு. அப்படியே வெச்சுக்கம்மா. இந்த மாதிரி கெடைக்காது.”

சரோஜா நிமிர்ந்து மேடையில் அந்த அம்மாளின் கையைப் பார்த்தாள். தொடையின் மேல் விரல்கள் விரிந்தபடி நின்றுபோயிருந்தன.

“ரெண்டு, வயலினுக்குப் போங்க. கைக்குப் போங்க.”

“அவங்கதானே பாடறாங்க?” என்றான் மூர்த்தி.

“போங்கன்னா போங்க.”

படம் மாறியது. திருமலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் விட்ட இடத்திலிருந்து வரியை எடுத்து வாசித்தார். முடித்து, திரும்பவும் முதலிலிருந்து, இன்னும் கொஞ்சம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி வாசித்தார். குழந்தைக்குப் பருப்புசாதம் பிசைந்து கொடுப்பதுபோல இருந்தது என்று சரோஜா பிற்பாடு சொல்லுவாள். இரண்டாம் சுற்று முடிகிற இடத்தில் பாட்டுக் குரல் வந்து சேர்ந்துகொண்டது. அப்போதும் அவள் உடனே முகத்துக்குப் போகவில்லை. குரல் நிலைக்கட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தாள்.

காசிக்குக் கோபம். “ஒரு நிமிஷத்துக்கு மேல பாடறவங்களயே காணோம். சபாவுல கேட்டா நான் என்னாத்த சொல்றது?”

“வயலின் வாசிச்சாரு, காட்டினேன்ண்ணா” என்றாள். வேறு எதுவும் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அந்த அம்மாள் மறந்துவிட்டார் என்பது தன் வாயிலிருந்து வெளியே போகவேண்டாம் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஸ்டூடியோ வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பத்மாசனி அம்மாளும் திருமலையும் இறங்கினார்கள். நேற்றைய கேசட்டைப் பார்க்கவேண்டும் என்றார் அந்த அம்மாள். காசி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சரோஜா கேசட்டைப் போட்டாள்.

அந்த இடம் வந்தது. திருமலையின் விரல்கள் திரை முழுக்க நிறைந்தன. அந்த அம்மாள் கண்ணெடுக்காமல் பார்த்தார். பாட்டு முடிந்ததும் கேட்டார்: “இதைப் பண்ணினது யாரு?”

காசி அவசரமாக, “புதுசுங்க, அதான் கொஞ்சம்…” என்று ஆரம்பித்தார். புதுசு என்றால் ஏழு வருஷம்.

“நான்தாங்க” என்றாள் சரோஜா.

“எங்கே பாட்டு கத்துண்டே?”

“கத்துக்கலம்மா. உங்க கை நின்னுடுச்சு. அதான் திருப்பச் சொன்னேன்.”

பத்மாசனி அம்மாள் தன் கையைப் பார்த்துக்கொண்டார். “ஊரே என் முழியைப் பார்த்திருக்கும்னு நேத்து ராத்திரி பூரா தூக்கம் வரலை. டிவியில பார்த்த லாட்ஜ் மேனேஜர் என்னடான்னா, வயலின் அந்த இடத்துல பிரமாதம்ங்கறார்” என்றார். பிறகு திரும்பி, “வாத்தியாரே, நீங்க பார்த்தேளா?” என்றார்.

திருமலை நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். “இன்னொரு தடவ போடும்மா” என்றார். போட்டாள். “இத்தினி வருஷமா எவ்வளவோ கேசட்டு பார்த்துட்டேன். எல்லாத்துலயும் ஓரமா என் முழங்கைதான் தெரியும்.” அவர் சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த மார்கழியில் பத்மாசனி அம்மாள் திருமலையைச் சென்னைக்குக் கூப்பிட்டு இரண்டு கச்சேரிகளில் வாசிக்க வைத்தார். அதற்குமேல் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. அவர் திரும்பிவந்து வழக்கம்போல வகுப்பு எடுத்தார். காசி மட்டும் அன்றோடு அவள் பின்னால் நின்று யோசனை சொல்வதை விட்டுவிட்டார்.

2004இல், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஹெல்கா என்ற ஜெர்மன்காரம்மா விழாவுக்கு வந்தார். தன் ஊரில் ஓபரா என்கிற பாட்டு நாடகங்களை டிவிக்காகப் படம் பிடித்தவராம். கச்சேரி முழுக்கச் சரோஜாவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் அவளுடைய மேஜையைச் சுற்றித் தேடினார். எங்கள் ஊரில் எட்டு கேமரா, மடியில் பாட்டுப் புத்தகம், எந்த வரிக்கு எந்தக் கேமரா என்று ஒரு மாசம் முன்னாலேயே எழுதிவைத்துவிடுவோம் என்றார். கூட வந்த பெண் தமிழில் சொன்னாள். “உங்க பேப்பர் எங்கேன்னு கேக்கறாங்க.”

“பேப்பர் ஏதுங்க? இன்னிக்கு எவ்வளவு நேரம் பாடுவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது” என்றாள் சரோஜா.

ஹெல்கா அதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். ஊருக்குப் போகும்வரை மீதி நாட்களும் வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். நான்காம் நாள் மிருதங்கத் தனி வருவதற்குள், செம்பை நோக்கிப் போன கையைச் சரோஜாவுக்கு முன்னால் அவரே காட்டினார்.

2006இல் காசி கண் ஆபரேஷன் செய்துகொண்டு ஸ்டூடியோவை மூர்த்தியிடமும் சரோஜாவிடமும் விட்டார். கல்யாணங்கள்தான் இன்றைக்கும் சோறு போடுகின்றன. ஆனால் செங்கம், போளூர், ஆரணி என்று எங்கே கச்சேரியைப் படம் பிடித்தாலும் அவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். பக்கவாத்தியக்காரர்கள் மேடை ஏறுவதற்கு முன்னால் மண்டபத்தின் கடைசியில் மிக்சர் இருக்கும் மேஜையை எட்டிப் பார்க்கிறார்கள். அந்தம்மா உட்கார்ந்திருந்தால் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு போய் உட்காருகிறார்கள்.