ரயிலில் வந்திறங்கிய மூக்குகள்

எங்கள் முறுக்கில் ஏலக்காய் மணக்கிறது என்று முதலில் சொன்னவர் மதுரைக்காரர் ஒருவர். வெள்ளை வேட்டி, தோளில் துணிப்பை. முந்தைய ஞாயிறு எங்களிடம் ஒரு பொட்டலம் வாங்கிப் போனவர். வாங்கிப் போனவர் திரும்பி வருகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவரோ பையைத் திறக்கவில்லை.

“முறுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எதுக்கும்மா பாயாசம் மாதிரி மணக்குது? எசன்ஸ் விடுறீங்களா?”

மதினி என்னைப் பார்த்தாள். நான் மதினியைப் பார்த்தேன். ஆளுக்கொரு முறுக்கை எடுத்து முகர்ந்தோம். ஓமம் மணத்தது. வெண்ணெய் மணத்தது. வேறு ஒன்றும் இல்லை.

“எசன்ஸு வாங்குற காசு இருந்தா இன்னும் ரெண்டு படி அரிசி வாங்கியிருப்பேண்ணே,” என்றாள் மதினி.

அவர் சிரித்தார். ஆனால் வாங்கவில்லை.

மதுரையில் ஒரு பள்ளி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் கூடுகிற சந்தை அது. மருந்தடிக்காத காய்கறி, செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை என்று விளைவித்தவர்களும் செய்தவர்களும் தாங்களே கொண்டுவந்து விற்பார்கள். மதினி என் அண்ணன் மனைவி. அவள் பிறந்த ஊர் பொட்டிபுரம். அங்கே அவளுடைய அப்பாவுக்கு மழையை நம்பிய கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதில் விளைகிற சோளமும் கடலையும்தான் எங்கள் சரக்கு. சோளமாவும் அரிசிமாவும் கலந்து கையால் சுற்றிய முறுக்கு, கடலை உருண்டை, இரண்டே பண்டம்.

சந்தையில் இடம் கேட்டுப் பேசியது நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் இன்றைக்கும் விடியுமுன் ஜீப்பில் ஏறி போடிமெட்டு மலைச்சாலை வழியாக ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்கள். அண்ணன் அந்த ஜீப்புகளில் ஒன்றை ஓட்டுகிறான். நான் எங்கள் ஊரான போடியிலேயே கல்லூரியில் வணிகவியல் படித்தேன். உணவுப் பண்டம் விற்க வேண்டிய பதிவெல்லாம் நானே முடித்தேன், பொட்டலத்தின் மேல் ஒட்டும் தாளை நானே வடிவமைத்தேன். அதில் எனக்கு இருக்கிற பெருமையை மறைக்க எனக்குத் தெரியாது.

சந்தையை நடத்துகிற அக்கா எங்களுக்கு உடனே இடம் தந்துவிடவில்லை. “ஒரு மாசம் வந்து போடுங்க. வாங்கினவங்க திரும்பி வந்து வாங்குறாங்களான்னு பாப்போம். வந்தா இடம் உங்களுக்கு,” என்றார்.

மதினிக்கு அந்த இடம் வேண்டும். அவள் போடியில் ஓர் ஏலக்காய் குடோனில் காய் பொறுக்கும் வேலை பார்த்தாள். வாரத்தில் ஆறு நாளும் காலையிலிருந்து மாலைவரை குத்தவைத்து உட்கார்ந்து, காம்பைக் கிள்ளி, பச்சையை ஒரு பக்கம், வெளுத்ததை ஒரு பக்கம், வெடித்ததை ஒரு பக்கம் என்று பிரிக்கிற வேலை. காயின் தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகி வந்தபோது இல்லாத இளைப்பு இப்போது இருந்தது. படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவாள். “அந்த இடம் மட்டும் நமக்குன்னு ஆகட்டும். மறுநாளே இந்தச் சோலிய விட்டுருவேன்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதுவரை விட முடியாது. அண்ணன் ஓட்டும் ஜீப்பு சொந்த ஜீப்பு இல்லை.

மதினி முறுக்கு சுற்றுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இன்னமும் எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை. மாவை எலுமிச்சை அளவு கிள்ளுவாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை ஒன்று உரசுவது போலத்தான் தெரியும். அதற்குள் கயிறு போல முறுக்கேறிய மாவு துணியின் மேல் வட்டம் வட்டமாக இறங்கிக்கொண்டிருக்கும். வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே இடைவெளி ஒரே சீராக இருக்கும். கண் அங்கே இருக்காது. என்னோடு பேசிக்கொண்டோ டிவியில் வருகிறவளைத் திட்டிக்கொண்டோ இருப்பாள். நான் சுற்றினால் மாவு நடுவில் அறுந்துவிடும்.

“படிச்ச புள்ள சுத்துன முறுக்கப் பாரு,” என்பாள். “போடிமெட்டு ரோடு மாதிரி இருக்கு. எங்க வளையும், எங்க விழும்னு தெரியல.”

“நீங்க சுத்துறத விக்கிறது யாரு மதினி? நானுல்ல.”

“அதான் தாயி, உனக்கு வாய் சுத்தும். எனக்குக் கை சுத்தும்.”

வேட்டிக்காரர் போன கொஞ்ச நேரத்தில் சந்தை நடத்துகிற அக்கா எங்கள் மேசைக்கு வந்தார். ஒரு முறுக்கை ஒடித்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“இன்னும் ரெண்டு பேரு எங்கிட்ட வந்து சொல்லிட்டாங்கம்மா. எசன்ஸ் சேத்த பண்டத்த இங்க வைக்க விடமாட்டோம். உங்களுக்குத் தெரியும்ல?”

“சத்தியமா சேக்கலக்கா,” என்றேன்.

“சேக்காம எப்படி மணக்கும்? அடுத்த வாரம் இந்த வாசம் இல்லாம கொண்டுவாங்க. இல்லேன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

மாலை பஸ்ஸில் மதினி ஜன்னலோரம் உட்கார்ந்து, விற்காத பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்துகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் மாவுச் சட்டி, எண்ணெய்க் குடம், துணி, டப்பா என்று ஒன்றுவிடாமல் முகர்ந்தோம். அண்ணனைக் கூப்பிட்டு மூக்கை நீட்டச் சொன்னோம்.

“எனக்கு டீசல் வாசம்தான் வருது,” என்றான் அண்ணன்.

“அது உங்க மீசையில இருந்து வருது,” என்றாள் மதினி.

பக்கத்து வீட்டில் கேட்டோம், டீக்கடையில் கேட்டோம். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தெருவில் காய் பொறுக்குகிறவர்கள், மூட்டை சுமக்கிறவர்கள், காயை ஏலம் விடுகிற இடத்துக்குப் போய்வருகிறவர்கள் இல்லாத வீடே கிடையாது. வெளியூர்க்காரர்கள் போடியில் வந்து இறங்கியதும் மூச்சை இழுத்து, “என்ன மணம்” என்பார்கள். எங்களுக்கு அது காற்று. ஏலக்காய் வாசம் வருகிறதா என்று போடியில் கேட்பது, மீன் பிடிக்கிறவரிடம் மீன் வாசம் வருகிறதா என்று கேட்பது போலத்தான்.

“மதினி, இந்த ஊர்ல இருக்குற மூக்கு ஒண்ணும் நமக்கு ஆகாது,” என்றேன்.

மதினி கையிலிருந்த டப்பாவை மூடினாள். “அப்ப வெளியூரு மூக்குதான் வேணும். காலையில மதுரை ரயிலு வருதுல்ல?”

யாருக்கு வரும் இந்த யோசனை? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். நான் என் பங்குக்கு ஒரு முறை வகுத்தேன். புதிதாக நான்கு சின்ன டப்பா வாங்கி, ஒன்றில் மாவு, ஒன்றில் எண்ணெய், ஒன்றில் மதினி சுற்றிச் சுட்டு அடுக்கிய முறுக்கு, ஒன்றில் முழுக்க முழுக்க நானே பிசைந்து சுற்றிய முறுக்கு என்று வைத்தேன். எதில் மணம் வருகிறது என்று தனித்தனியாகக் கேட்டால் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

மறுநாள் காலை மதினி குடோனில் அரைநாள் லீவு சொன்னாள். ரயில் வந்து நின்றது. நான் டப்பாக்களோடு தயங்கி நின்றேன். மதினி நேராகப் போய் ஒருவரை மறித்தாள்.

“அண்ணே, ஒரு நிமிசம். இத மோந்து பாத்து என்ன வாசம்னு சொல்லிட்டுப் போங்க.”

அவர் இரண்டடி பின்னால் போனார். “மோந்து பாக்கச் சொல்லி மயங்கவச்சு மோதிரத்தக் கழட்டிக்கிறதுக்கா?”

“நானே மொதல்ல மோந்து காட்டுறேண்ணே. நான் விழுந்தா நீங்க தூக்கிவிட்டுட்டுப் போங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அண்ணனும் சிரித்துவிட்டு மூக்கை நீட்டினார். மாவில் ஒன்றுமில்லை என்றார். எண்ணெயில் கடலை வாசம் என்றார். மூன்றாவது டப்பாவைத் திறந்ததும், “ஏலக்காய்,” என்றார். நான்காவதில் ஒன்றுமில்லை.

அடுத்து கல்யாணத்துக்கு வந்திருந்த ஓர் அம்மாவிடம் கேட்டோம். அவரும் மூன்றாவதைத்தான் காட்டினார். நான்காவது டப்பாவைத் திறந்தவர், “இதுல ஒரு வாசமும் இல்ல. ஆனா இது என்னது, முறுக்கா?” என்று கேட்டார்.

“படிச்ச முறுக்குக்கா,” என்றாள் மதினி.

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். ஒரே மாவு, ஒரே எண்ணெய். ஒன்று அவள் தொட்டது, இன்னொன்று நான் தொட்டது. வலது கையை விரித்து ஒருமுறை பார்த்துவிட்டு அந்த அம்மாவிடம் நீட்டினாள். “இதையும் கொஞ்சம் பாருங்கக்கா.”

அந்த அம்மா குனிந்து முகர்ந்தார். “ஆமா. உங்க கையிலதான் இருக்கு. எவ்வளவு மணக்குது.”

நாளெல்லாம் காம்பு கிள்ளுகிற விரல்கள். அதே விரல்கள்தான் மாவைப் பிசைந்தன, சுற்றின, ஆறிய முறுக்கை எடுத்து அடுக்கின. எத்தனை சோப்பு போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் இறங்கியது போகவில்லை. அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

திரும்பி நடக்கையில் நான் வழிகளை அடுக்கினேன். கையுறை போட்டுக்கொண்டு சுற்றலாமே என்றேன்.

“போட்டுப் பாத்தவதான். உறையப் போட்டா மாவு எங்கிட்ட பேச மாட்டேங்குது.”

“அப்ப குடோன்ல போட்டுக்கங்க.”

“காம்பு கிள்ள நகம் வேணும் தாயி.”

“ஏலக்காய் முறுக்குன்னே பேரு வச்சு வித்துட்டா?” எனக்கு அது நல்ல வியாபார யோசனையாகப் பட்டது.

மதினி நின்றாள். “நான் போட்டிருந்தா பேரு வைக்கலாம். போடாம வந்ததுக்கு என்னன்னு பேரு வைக்க? குடோன் லீவு விட்ட வாரம் மணக்காது. அப்ப வாங்குறவன் ஏன் மணக்கலன்னு கேப்பான். முறுக்கு முறுக்கா இருக்கட்டும்.”

இடம் கிடைத்தால் வேலையை விடுவது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போது வேலையை விட்டால்தான் இடம். அதுவும் கிடைக்குமா என்று தெரியாது. குடோன் வாசல் வந்தபோது, “நீ நில்லு, வர்றேன்,” என்று உள்ளே போனாள். போன வேகத்தில் வெளியே வந்தாள். கையில் அவளுடைய தண்ணீர் பாட்டிலும், தூசிக்கு முகத்தில் கட்டுகிற துண்டும் இருந்தன.

“விட்டாச்சு. வெரசா நட, அரிசி ஊறப் போடணும்.”

அண்ணனிடம் சொன்னபோது அவன் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தான். “இடம் கெடைக்கட்டும்னுல்ல சொன்ன?”

“கையில காய் இருக்குற வரைக்கும் கெடைக்காது.”

“கெடைக்கலன்னா?”

“ஜீப்புல ஏறி நானும் தோட்டத்துக்கு வர்றேன். லோடோட லோடா ஏத்திக்கிட்டுப் போங்க.”

அண்ணன் சோற்றில் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டான். “முன்சீட்டு தர்றேன்,” என்றான்.

அந்த வாரம் மதினி பயத்தமாவு, புளித்த மோர், எலுமிச்சைத் தோல் என்று மாற்றி மாற்றிக் கையைத் தேய்த்தாள். நகத்தை ஒட்ட வெட்டினாள். போயிற்றா என்று எங்களுக்குத்தான் தெரியாதே. அதனால் தினமும் காலை ரயிலுக்குப் போனோம். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ வைத்திருக்கும் அண்ணன்மார் எங்களைக் கண்டால், “மூக்கு வாங்க வந்தாச்சா?” என்பார்கள். சனிக்கிழமை மதினி நீட்டிய கையை ஒரு பெண் இரண்டு முறை முகர்ந்துவிட்டு, “எலுமிச்சை வாசம்தான் வருது,” என்றாள். அன்றைக்கு மாவு பிசைந்தோம்.

ஞாயிறு காலை சந்தை நடத்துகிற அக்கா எங்களிடம்தான் முதலில் வந்தார். முறுக்கை ஒடித்தார், முகர்ந்தார், வாயில் போட்டார். மணம் எங்கிருந்து வந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று மதினி எதையும் விடாமல் சொன்னாள். ரயில் கதை வரும்போது அக்கா சிரித்தார். குடோன் கதை வரும்போது சிரிக்கவில்லை.

“வேலைய விட்டுட்டா வந்தீங்க? நான் இன்னும் இடம் தர்றேன்னு சொல்லலையேம்மா.”

“நீங்க சொல்ல வேணாங்க்கா. வாங்குறவங்க வந்து சொல்லட்டும்.”

அப்படிச் சொல்கிற தைரியம் எனக்கு வந்திருக்காது. நான் கெஞ்சியிருப்பேன்.

வாங்கினவர்கள் ஒரே நாளில் சொல்லவில்லை. அன்று கடலை உருண்டைதான் அதிகம் போயிற்று. எங்களுக்குக் கொடுத்த மாதத்தின் கடைசி ஞாயிறு வெள்ளை வேட்டிக்காரர் வந்தார். மதினி பேச்சே கொடுக்காமல் ஒரு முறுக்கை எடுத்து நீட்டினாள். அவர் முகர்ந்தார், கடித்தார். பிறகு தோளிலிருந்த பையை இறக்கி வாயை விரித்துப் பிடித்தார். அவருக்குப் பின்னால் அவர் கூட்டிவந்த இரண்டு பேர் நின்றார்கள். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். சந்தை கலைகிற நேரத்தில் வந்து, “இந்த மேசைய இனிமே இங்கயே போட்டுக்கங்க,” என்றார்.

அன்று மாலை பஸ்ஸில் மதினி தூங்கிவிட்டாள். போடியில் இறங்கிக் காலி டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அவள் வேலை பார்த்த குடோன் இருக்கிற தெரு வந்தது. எப்போதும் மூச்சு வாங்க நிற்கிற இடத்துக்கு முன்னாலேயே மதினி நின்றுவிட்டாள். இளைப்போ என்று பயந்து அவள் கையைப் பிடித்தேன்.

“அதில்ல தாயி,” என்று தலையை நிமிர்த்தி மூச்சை இழுத்தாள். “ஏலக்காய். என்னமா மணக்குது.”

நானும் இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.