படலம் உரிந்ததற்குக் காரணம்

பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் டாக்டர் பட்டத்துக்காக நான் செய்த வேலை, டைட்டானியத் தகட்டில் குழாய் வளர்ப்பது. ஃப்ளூரைடு கரைசலில் தகட்டைத் தொங்கவிட்டு, பாசிட்டிவ் ஒயரை மாட்டி அறுபது வோல்ட் கொடுத்தால், அதன் மேல் ஆக்சைடு நுண்குழாய்களாக எழும்பும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நெருக்கி அடுக்கிய ஸ்ட்ரா மாதிரி இருக்கும்.

எனக்கு அது நிற்கவில்லை. கழுவிக் காயவைத்ததும் படலம் செதில் செதிலாக உரிந்து விழுந்தது. மூன்று மாதம் இதே கதை. பேராசிரியர் காரணம் கேட்டபோது, பிளாஸ்டிக் பீக்கர்களைக் கழுவும் அக்கா சோப்பைச் சரியாக அலசுவதில்லை என்று வாய் கூசாமல் சொன்னேன். அப்படி நான் பார்த்ததே இல்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும், எதிர்த்துப் பேசாத ஆள் அவர்தான்.

மறு வாரமே, அதையே காரணமாகச் சொல்லி, அவரை ஹாஸ்டல் சமையல்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே காலை ஐந்தரைக்கு வந்து நிற்க வேண்டும். அவர் வீடு இருபது கிலோமீட்டர் தள்ளி, சோமனூரில்.

அவர் போன பிறகும் படலம் உரிந்தது. ஒருநாள் கரண்ட் போனதால் ஹேர் டிரையர் ஓடவில்லை. ஈரத் தகட்டை மூடிவைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் தானாகக் காய்ந்திருந்தது, ஒரு செதில்கூட உதிரவில்லை. அதுவரை அவசரப்பட்டுச் சூட்டுக் காற்றை அடித்து நானேதான் உரித்திருக்கிறேன்.

மெதுவாக உலர்த்த வேண்டும் என்று ஆய்வேட்டில் ஒரு பத்தியே எழுதினேன். பேராசிரியர் பாராட்டினார். அக்காவைத் திரும்பக் கூப்பிடச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. சொன்னால் என் பொய் வெளியே வந்துவிடும். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வைவா முடிந்த அன்று துறையில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். ஹாஸ்டல் பக்கம் போகவில்லை. விஷயம் கேள்விப்பட்டு அக்காவே தேடி வந்துவிட்டார், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு.

"ஏனுங்க சார், இப்ப அந்தத் தகடு உரியறதில்லீங்களா?"

இல்லை என்றேன்.

"நல்லாத்தானுங்க அலசுனேன். எங்கியோ தப்பு உட்டுட்டனாட்ட இருக்குதுங்க. உங்க படிப்பக் கெடுத்துப்போட்டனேன்னு மனசே ஆறுலீங்க. மன்னிச்சுக்கோங்க."

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. பரவாயில்லீங்க அக்கா என்று அவரை மன்னித்துவிட்டு, மைசூர்பாகு டப்பாவை நீட்டினேன்.