மணியம்மாள் கட்டாத கிடா

மணியம்மாளுக்குச் சொந்தம் என்று இருந்தது மகள் செல்வியும் ஒரு பட்டி வெள்ளாடும்தான். புருஷன் பொன்னேரிப் பக்கம் நெல் அறுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்துச் செத்தான். அன்றிலிருந்து புதுவாயலுக்குக் கிழக்கே அந்தச் சின்ன ஊரில் பகலெல்லாம் கூலி வேலை, மிச்ச நேரம் ஆடு என்று அவள் பிழைப்பு ஓடியது. வாயாடி என்று ஊரில் பெயர். தனியாக நின்று பிழைக்கிற பொம்பளைக்கு ஊர் வேறு என்ன பட்டம் கட்டும்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் செல்விக்குப் பெரியம்மை போட்டது. அதே தெருவில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மணியம்மாள் வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு, பால்குடி மறந்த ஒரு கருப்புக் கிடாக்குட்டியை இழுத்துப்போய் மாரியம்மன் கோயில் முன் நிறுத்தினாள்.

"எம் பொண்ண உட்டுடு தாயே. இத நீ எடுத்துக்கோ."

செல்வி பிழைத்தாள், முகமெல்லாம் தழும்போடு.

நேர்ந்து விட்ட கிடாவைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, விரட்டவும் கூடாது. கோயில் திருவிழாவான ஜாத்திரையில் வெட்டும் வரைக்கும் அது அம்மன் சொத்து. முதல் மரியாதை யாருக்கு என்று பங்காளிகள் அடித்துக்கொண்டதில் அந்த ஜாத்திரையோ வருஷா வருஷம் தள்ளிப்போனது. கிடாவுக்கு யோகம்தான். எந்தப் பட்டியிலும் நுழையும், எந்தத் தொட்டியிலும் வாய் வைக்கும். இருட்டினால் மட்டும் பிறந்த பட்டிக்கு வந்து சேரும்.

அறுபத்தொன்பது மார்கழியில், ஆந்திராவிலிருந்து சந்தைக்கு ஓட்டி வந்த ஒரு ஆட்டு மந்தை ரோட்டோரம் தங்கியது. கிடா அதோடு போய்க் கிடந்துவிட்டு வந்தது. கொஞ்ச நாளில் அதற்கு மூக்கு ஒழுகியது. காது மடலிலும் வாலடியிலும் கொப்புளம் கிளம்பியது.

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் லோகநாதன் சைக்கிளில் வந்து பார்த்தார்.

"இது ஆட்டம்மை. ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தாவும். மத்த ஆட்டுக்குப் போட ஊசி வரணும். அதுவரிக்கும் இத ஏரிக்கரைல தனியா கட்டி வையி."

"அது அம்மன் கிடா சார். கட்டக் கூடாது."

"கட்டலன்னா இன்னா ஆவும் தெரியுமா? உன் பட்டியும் போவும், ஊர்ப் பட்டியும் போவும்."

மணியம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்த செல்வியின் முகத்தைப் பார்த்தாள். "கட்டுனா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும் சார்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் ஆட்டைப் பார்க்க வந்தவர். சாயங்காலம் கிடா வந்து பட்டிப் படலை முட்டியது. மணியம்மாள் கயிற்றைக் கையில் எடுத்தாள், கீழே போட்டாள், படலைத் திறந்துவிட்டாள். குட்டிகளுக்கு நடுவில் போய் அது படுத்துக்கொண்டது.

முதலில் குட்டிகள்தான் போயின. தாய் ஆடுகளுக்கு மடியெல்லாம் புண். பால் குடிக்க வந்த குட்டியை வலி தாங்காமல் உதைத்துத் தள்ளின. பிறகு தாய்களும் விழுந்தன. கிடா நுழைந்த பட்டியெல்லாம் காலியாகி, ஏரிக்கரையில் குழி தோண்டித் தோண்டி ஊருக்குக் கை சலித்துப்போனது. ஊசி வந்தபோது போடுவதற்கு ஆடு இல்லை.

ஒருவர்கூட மணியம்மாளைத் திட்டவில்லை. எதிர்வீட்டுக் கோவிந்தம்மா தன் கடைசி ஆட்டையும் புதைத்துவிட்டு வந்து, "ஆத்தா வெளாண்டுட்டா, நாம இன்னா பண்றது" என்றாள். யாராவது வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருந்தால் நன்றாக இருக்கும் என்று மணியம்மாள் நினைத்தாள்.

கிடா மட்டும் பிழைத்தது, தழும்போடு. அடுத்த ஆடியில் ஒருவழியாக ஜாத்திரை கூடி அதை வெட்டினார்கள். பங்காக வந்த கறியை அவள் அடுப்பில் ஏற்றவே இல்லை.

அப்புறம், பிறக்கிற குட்டியில் பாதி என்று வாரத்துக்கு ஆடு வாங்கி வளர்த்ததில் இரண்டு பெட்டைக் குட்டிகள் அவளுக்கென்று நின்றன. அந்தச் சமயத்தில் கோவிந்தம்மா மகனுக்கு அம்மை கண்டு இறங்கியது. அவளும் ஒரு கிடாக்குட்டியை நேர்ந்து விட்டாள். ஒருநாள் சாயங்காலம் அது ரோட்டிலிருந்து நேராக மணியம்மாள் படலுக்கு வந்து முட்டியது. அதற்கு மூக்கும் ஒழுகவில்லை, கொப்புளமும் இல்லை. மணியம்மாள் விளக்குமாற்றை எடுத்து அதன் முதுகில் ஓங்கிப் போட்டாள். இன்னொன்றும் போட்டாள். அது கத்திக்கொண்டு ஓடியது.

எதிர்வாசலில் நின்ற கோவிந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னாக்கா பண்ணிட்ட?"

மணியம்மாள் படலை இழுத்துக் கட்டினாள். உள்ளே போய், அரிசி களைந்துகொண்டிருந்த செல்வியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. கஞ்சி கொதிப்பதற்குள் மறுபடியும் வந்து வைத்துப் பார்த்தாள்.