ஆமா, இல்லை, தேவையில்லை

மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் கம்பெனி பஸ்ஸில் பெண்கள் நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஒருத்தி ஏதாவது ஒரு விசித்திரமான சாவைச் சொல்வாள். மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டுக் காரணத்தைப் பிடிக்க வேண்டும். பதில் 'ஆமா', 'இல்லை', 'தேவையில்லை', அவ்வளவுதான். கூட ஒரு வார்த்தை சொன்னால் அவுட். நான் அவுட்டே ஆனதில்லை. அதில் எனக்குத் திமிர்கூட உண்டு. பக்கத்து சீட்டு அக்காவுக்குத்தான் கடுப்பாகும்.

"இன்னாடி, வாய்க்குப் பூட்டு போட்டுக்கினு வந்தியா? ஒரு க்ளூ குடேன்!"

அக்காவுக்கும் எனக்கும் அடுத்தடுத்த பிரஸ் மெஷின். தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி அடிக்கும். கை உள்ளே இருந்தால் சென்சார் நிறுத்திவிடும். அன்று காலை அக்கா மெஷினில் அது சும்மா சும்மா நிறுத்தியது. டார்கெட் போகிறதே என்று சூப்பர்வைசர் சென்சாரையே அணைத்தார். அக்கா அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்து, "சரி பண்ணிட்டாங்களா? ஓட்லாமா?" என்றாள்.

"ஆமா" என்றேன். என் தகட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

சாப்பாட்டு மணிக்கு முன்பே அவள் வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன.

விசாரணைக்கு முன் சென்சாரை மறுபடி போட்டுவிட்டார்கள். விசாரிக்க வந்த ஆபீசர் என்னிடம், "ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லும்மா, போதும்" என்றார். மெஷினில் சென்சார் இருக்கிறதா? ஆமா. அந்தம்மாவுக்குப் பயிற்சி கொடுத்தார்களா? ஆமா. யாராவது அவர் கையைத் தள்ளிவிட்டார்களா? இல்லை. சூப்பர்வைசர் சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதற்குத்தானே பதில் சொன்னேன் என்று பிறகு என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பொய். வேலை போய்விடும் என்று பயந்தேன், அதுதான் உண்மை. அவள் கவனக்குறைவு என்று எழுதி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு கதைடி. சென்சார் நல்லாத்தான் கீதுன்றாங்க. ஆனா கை போச்சு. எப்பிடி? தினம் யோசிக்கிறேன், எனக்கே புரியல. யார்னா ஆஃப் பண்ணாங்களா?"

"ஆமா."

"நீ பாத்தியா?"

"ஆமா."

"நான் வரதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கைக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு க்ளூ குட்த்திருக்கலாமேடி."