குளத்துக்குள் போன மூட்டைகள்

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். சேர்ந்த வருடமே சுற்றுச்சூழல் மன்றத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஜூன் மாதம் மரக்கன்று நட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், அறிக்கை அனுப்ப வேண்டும். பெரும்பாலும் போன வருடம் நட்ட குழியிலேயே இந்த வருடமும் நடுவோம்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மாணவி மன்றச் செயலாளராக வந்தாள். பாவூர்சத்திரம் போகிற வழியில் அவள் ஊர். அப்பா குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவர். முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்றாள்.

"மேடம், கன்னு நட்டது போதும். சீசன் ஆரம்பிச்சிட்டு. ஐந்தருவில கெடக்க குப்பைய அள்ளுவோம்."

சனிக்கிழமைதோறும் போனோம். சாரலில் நனைந்துகொண்டு பிள்ளைகள் பாறை இடுக்கில் கைவிட்டு அள்ளினார்கள். ஷாம்பு பாக்கெட், எண்ணெய் பாட்டில், சால்னா ஒட்டிய கவர், ஈர ஜட்டி, குழந்தைகளின் டயப்பர். தலை நிறைய நுரையோடு நின்ற ஒருவர், தான் போட்ட பாக்கெட்டையே கைகாட்டி, "தங்கச்சி, அங்கன ஒண்ணு கெடக்கு பாரு" என்றார். அவள் சிரித்தபடியே எடுத்தாள். மூட்டைகளின் வாயைக் கட்ட, தன் பழைய பச்சைத் துப்பட்டாவைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தாள்.

சீசன் முடிகிற சமயம் ஒரு விழா வைத்தார்கள். குப்பையை எடுத்துப்போக லாரி வந்தது. சிறப்பு விருந்தினர் கொடி அசைத்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். கல்லூரிக்கு ஒரு கேடயமும் கிடைத்தது. அன்றைக்கு எனக்கும் சந்தோஷம்தான். ஏதோ செய்துவிட்டோம் என்று நம்பினேன்.

அதற்குப் பிறகு அவள் ஊரில் கோயில் கொடை. வரச்சொல்லி வற்புறுத்தினாள். பஸ் நிறுத்தத்துக்கே வந்து என்னை அழைத்துப் போனாள். குளத்துக் கரை வழியாக நடந்தோம். குளம் காய்ந்து கிடந்தது. பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். பிறகு கரையிலிருந்து உள்ளே இறங்கினாள்.

குளத்துக்குள் மூட்டைகள் குவிந்து கிடந்தன. நாய்கள் சிலவற்றைக் கிழித்திருந்தன. மற்றவற்றின் வாயில் பச்சைத் துணி.

"மேடம், இது நான் போட்ட முடிச்சு" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை, லாரி அனுப்பிய பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். "குப்பைக் கெடங்குக்குத்தான் மேடம் அனுப்புனோம். அங்க எடமில்லன்னு டிரைவர் எங்கயாவது தட்டியிருப்பான். எடுத்திருதோம்" என்றார்கள். எடுக்கவில்லை. மறுபடி போனேன். அதே பதில். முதல்வரிடம் சொன்னேன். "மூட்டைல நம்ம பேரு எழுதியா இருக்கு? விடுங்க மேடம்" என்றார்.

நாங்களே எடுத்துவிடுவோம் என்றாள் அவள். எடுத்து எங்கே வைப்பது? கல்லூரிக்குள் கூடாது என்றார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் பாட்டிலை மட்டும் தரச்சொன்னார். பாக்கெட்டுகளையும் கவர்களையும் வாங்குவதற்கு இந்த ஊரில் ஆளே இல்லை. கேட்க இன்னும் யார் இருக்கிறார்கள் என்று இருவரும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. ஊரெல்லாம் குளம் பெருகியதைச் சந்தோஷமாகப் பேசினார்கள். எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை.

அவள் வகுப்புக்கு வராமல் இருந்தாள். போனில் கேட்டதற்கு, "வயல்ல வேல கெடக்கு மேடம்" என்று மட்டும் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன்.

அந்தக் குளத்துப் பாசனத்தில்தான் அவள் அப்பாவின் வயல். மடையைத் திறந்ததும் தண்ணீரோடு அத்தனையும் உள்ளே வந்திருந்தது. புதிதாக நட்ட நாற்றின் மேல் கவர்கள் படுத்துக்கிடந்தன. அழுத்திக்கிடந்த இடங்களில் நாற்று அழுகியிருந்தது. அப்பாவும் அவளும் முழங்கால் சேற்றில் நின்று ஒவ்வொன்றாக எடுத்து வரப்பில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க டீச்சர்" என்றார் அவர். "எடுக்க எடுக்க வந்துக்கிட்டே இருக்கு. எங்கிருந்துதான் வருதோ."

அவரிடம் அவள் சொல்லியிருக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். நான் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கினேன். அருவிப் பாறையில் எடுத்த அதே பாக்கெட்டுகளை இங்கே சேற்றிலிருந்து எடுத்தோம்.

சாயங்காலம் அவர் எல்லாவற்றையும் களத்து மூலையில் குவித்துத் தீ வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வகுப்பில் எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன், எரிக்கக் கூடாது என்று. வேறு என்ன செய்யச் சொல்வேன்? கரும்புகை வயல் மேல் படர்ந்தது. அவர் இருமினார். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டே, "ஏட்டி, அம்மைட்டச் சொல்லி டீச்சருக்குக் காப்பி வாங்கிட்டு வா" என்றார்.

அந்தப் போகம் அவருக்குப் பாதிதான் தேறியது. அவள் படிப்பை முடித்தாள். ஆனால் மன்றத்துக்குத் திரும்பி வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. இப்போது திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவாள். வேறு எதையும் இருவரும் பேசுவதில்லை.

மன்றம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இந்த ஜூனிலும் சுற்றுச்சூழல் தினப் பேரணி நடந்தது. கோஷங்களை நான்தான் எழுதிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது பிள்ளைகள் அவற்றைத் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஓரமாக நடந்துவந்த எனக்குக் கூடச்சேர்ந்து சொல்ல வாய் எழவில்லை. அவர்கள் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்க்கவும் முடியவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே கல்லூரி வரைக்கும் நடந்தேன்.