காப்புக் கட்டிய கையோடு தூத்துக்குடிக்கு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வரிகள் கோணலாகத்தான் வரும். ஒன்றைச் சொல்ல வந்து மறந்து வேறொன்றைச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நூலக மலருக்குக் கடல் பயணம் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். கடலில் போனது என் தம்பி மகள் கார்த்திகா. நான் போனது கரை வரைக்கும்தான்.

எங்கள் ஊர் திருச்சுழிக்குக் கிழக்கே. கண்மாய் பெருகினால்தான் நாங்கள் நாலு பக்கமும் தண்ணீரைப் பார்ப்போம். தோட்டக் கிணற்றில் நீந்தப் பழகிய பிள்ளை, கல்லூரியில் படிக்கும்போதே பாய்மரக் கப்பல் பயிற்சிக்குத் தேர்வாகி, கொச்சியிலிருந்து தூத்துக்குடிக்குப் பந்தயத்தில் வந்துகொண்டிருந்தாள். நான்கு கப்பல்கள். கப்பலில் பாதிப் பேராவது இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டுமாம். கப்பலுக்கு இஞ்சின் உண்டு. ஆனால் காற்றில்தான் ஓட வேண்டும். வழியில் இஞ்சினைப் போட்டால் பந்தயத்தில் இல்லை.

அவள் கப்பல் ஏறியதும் எனக்குத் தூக்கம் போயிற்று. பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக மாரியம்மனிடம் நேர்ந்து, மஞ்சள் துண்டு கோத்த காப்பைக் கையில் கட்டிக்கொண்டேன். காப்புக் கட்டியவர்கள் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. கட்டிய பிறகுதான் தெரிந்தது, கப்பல் வரும் நாள் திருவிழாவுக்கு முன்னாலேயே என்று. ஒரே ஒரு சாயங்காலம் கரையில் நிற்கும். மறுநாள் விடிந்ததும் அந்தமானுக்குப் புறப்பாடு. அவளுக்காகக் கட்டியதே என்னை இழுத்துப் பிடித்தது.

இதற்கிடையில் போனில் ஒரு படம் வந்தது. கார்த்திகா பாய்மரத்தடியில் சிரிக்கிறாள். வலது உள்ளங்கையில் பெரிய கட்டு. அவள் அம்மாவுக்கு மில்லில் லீவு இல்லை. "நீங்க போய்ப் பாருங்க மதினி. புண்ணு பெருசா இருந்தா அந்தமானும் வேணாம் ஒண்ணும் வேணாம், இழுத்துட்டு வந்துருங்க" என்றாள்.

காலை ஆறு மணி டவுன் பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அருப்புக்கோட்டையில் இறங்கித் தூத்துக்குடி பஸ். எண்பத்தைந்து ரூபாய், நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று கண்டக்டர் சொன்னார். பந்தல்குடி தாண்டியதும் பக்கத்து வரிசையில் இருந்த வெள்ளைத் தொப்பி போட்ட பாய் ஒருவர் என் கையைப் பார்த்தார்.

"காப்பக் கட்டிக்கிட்டு எங்கக்கா தூரமா?"

எனக்கு அந்நிய ஆட்களோடு பேச வராது. தலையைக் குனிந்துகொண்டு, "கப்பல் பாக்க" என்றேன்.

"அட, நானும் அதுக்குத்தான் போறேன்! எம் பையனும் அதுலதான் கெடக்கான்."

வீரசோழனில் பாத்திரக்கடை வைத்திருக்கிறாராம். இருபது வருடம் துபாயில் இருந்தவர். "பிளேன்ல பறந்து பறந்து சம்பாரிச்சேன் அக்கா. இவன் காத்தடிச்சா போவானாம், அடிக்கலைன்னா நிப்பானாம். இதுக்கு ஒரு பயிற்சி!" என்று சிரித்தார். எட்டயபுரம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். குறுக்குச்சாலை வந்ததும் அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

நான் வெளியே பார்த்தபடி வந்தேன். கருவேலஞ்செடி ஒன்றுகூட அசையவில்லை. சோளம் தூற்ற முறத்தோடு நின்று காற்றுக்குக் காத்திருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டிலிருந்து துறைமுகத்துக்கு ஆட்டோவில் முன்னூறு கேட்டார்கள். பாய் பேசி இருநூற்றைம்பதாக்கினார். கடற்கரையில் குடும்பத்தாருக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். இரண்டு கப்பல்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் கோயில் கோபுரத்தைத் தண்ணீரில் நிறுத்தியது போல இருந்தது. அவ்வளவு உயரத்தில் பிள்ளைகள் குறுக்குக் கட்டையில் வரிசையாகக் குனிந்து நின்று பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்க மாட்டாமல் கண்ணை மூடிக்கொண்டேன். கார்த்திகாவும் பாய் மகனும் வரும் எங்கள் கப்பலைக் காணவில்லை.

கட்டிக்கொண்டு போன புளிச்சோறு இறங்கவில்லை. அருப்புக்கோட்டையில் எங்கள் ஊருக்குக் கடைசிப் பஸ் ஏழே முக்கால். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு வழி கிடையாது. இரண்டு மணி இருக்கும், போன் அடித்தது.

"அத்தே! மணப்பாட்டுக்கு நேரா நிக்கிறோம். துளி காத்தில்ல. பாயெல்லாம் ஈரச்சேலை மாதிரி தொங்குது."

"கை எப்படிடீ இருக்கு?"

"கயிறு உரசுனது. ஆறிருச்சு. அத்தே, கேளு. இஞ்சினப் போட்டா நாலரைக்கு அங்க வந்துருவோம். போடவா வேணாமான்னு கேப்டன் எங்களையே முடிவு பண்ணச் சொல்லிட்டாரு. எல்லாரும் சொல்லியாச்சு. சரிபாதியா நிக்குது, நான்தான் பாக்கி. நீ காப்போட வந்திருக்கன்னு அம்மா சொல்லுச்சு. போடச் சொல்லவா?"

பாய் காதை ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "போடச் சொல்லுங்கக்கா, போடச் சொல்லுங்க! பந்தயமாம் பந்தயம்" என்றார். கண்ணில் தண்ணீர்.

போடு என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. கட்டுப் போட்ட அந்தக் கை கண்முன்னே நின்றது.

"நீ என்னடீ நெனைக்கிற?"

"கொச்சில இருந்து ஒரு தடவகூட போடலத்தே" என்றாள்.

மஞ்சள் கயிற்றைப் பார்த்தேன். "என் கையில கெடக்குறத நான் அவுக்கப்போறதில்ல. நீயும் போட வேணாம்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். போன் நின்றுபோயிற்று.

பாய் மணலில் உட்கார்ந்துவிட்டார். "நல்லா சொன்னீக போங்க" என்றார், கோபமாகத்தான். பிறகு அவரே ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். "நான் ராத்தங்குறேன். ஒங்க பிள்ளை கையையும் பாத்துட்டுப் போன் போடுறேன். அழுகாமப் போங்க."

திரும்பும்போது எட்டயபுரம் எப்போது போனது என்று தெரியாது. காற்றில்லாமல் இராப்பூராவும் அங்கேயே நிற்பார்களோ, புண்ணில் உப்புத் தண்ணீர் படுமோ, தாய்க்காரிக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் ஓடியது. எங்கள் ஊர் எல்லையில் இறங்கியபோது தெற்கிலிருந்து காற்று எழும்பிப் புழுதியை முகத்தில் அடித்தது. சந்தோஷப்படப் போனேன். அதற்குள் அவர்கள் பாயை விரிக்க அந்தக் குறுக்குக் கட்டையில் ஏறியிருப்பார்களே என்ற நினைப்பு வந்துவிட்டது. எல்லைக் கல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

விடிந்ததும் பாய் வீடியோவில் வந்தார். கப்பல் பாயிலேயே வந்து சேர்ந்ததாம், மூன்றாவதாக. அவர் தோளுக்குப் பின்னால் கார்த்திகா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். படம் நடுங்கியது. வலது கையில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்த மாதிரி இருந்தது. என்னோடு உட்கார்ந்து பார்த்த அவள் அம்மா, "ஆறிருச்சு மதினி" என்றாள். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

நான் எழுதியதில் பிழை இருக்கும். கப்பல் மூன்றா நான்கா, எட்டயபுரம் முன்னாலா குறுக்குச்சாலை முன்னாலா என்று தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். அந்தமானில் நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் பிழைக்கப் போயிருப்பதாகச் சொல்கிறார்கள். அவர்களில் யாராவது கப்பலடிக்குப் போனால், அவள் வலது கையையும் ஒருமுறை நேரில் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.