தள்ளிப்போன மொட்டை

ஊர் ஊராகப் போய்க் கிடைத்த வேலையைச் செய்கிறவன் நான். அந்த மாதம் திருத்தணி மலையில், மொட்டை போடும் கூடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தேன். அங்கே எல்லோரும் குடும்பத்தோடுதான் வருவார்கள். அவர் மட்டும் தனியாக வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கண்ணுக்குக் கீழே கருவளையம். தனியார் கல்லூரியில் கணக்கு வாத்தியாராம்.

பாதித் தலை வழித்திருந்தபோது போன் அடித்தது. அவர் சட்டென்று எழுந்து நின்று, “ஆங் சார், முடிச்சிடறேன் சார்” என்றார். காதுக்கு மேல் கீறி ரத்தம் வந்தது.

“கத்தி தலைமேல கீது சார். உங்க பிரின்சிபால் இங்கயா நின்னுகினு கீறாரு? ஒக்காந்தே பேசுங்க,” என்றார் மொட்டை போடுகிறவர்.

“பழகிப்போச்சுங்க.”

அடுத்த போனுக்கும் எழுந்து நின்றார்.

தலையில் தண்ணீர் ஊற்றும்போது கேட்டேன். “கூட யாரும் வரலியா சார்?”

“எனக்கு லீவு கெடைக்கிற அன்னிக்கு ஊட்ல யாருக்கும் லீவு இல்ல.”

“இன்னா வேண்டுதல்?”

“இந்த வேலை கெடைச்சா மொட்டை போடறேன்னு வேண்டிகினேன். கெடைச்சு எட்டு வருஷம் ஆவுது. கிளாஸு, பேப்பர் திருத்தறது, கோடையில ஊடு ஊடா போய் காலேஜுக்குப் புள்ளைங்கள சேக்கறது. இன்னிக்குத்தான் லீவு குடுத்தாங்க.”

சந்தனம் பூசியதும் மறுபடி போன் வந்தது. மதியத்துக்குள் கல்லூரிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சாமி பார்க்கும் வரிசை நீண்டு கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு நின்ற இடத்திலிருந்தே கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு, ஈரச் சந்தனத்தோடு பஸ்ஸுக்கு இறங்கிப் போனார்.

வேலை கொடுத்ததற்கு நன்றி சொல்ல வந்தவர், கும்பிட்டபோது முருகனிடம் என்ன சொல்லியிருப்பார்? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.